பாங்காக்கில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுதல்: ஒரே பயணச்சீட்டா, தனித்தனியா?

கேள்வி: மழைக்குருவி

வணக்கம். வரும் நவம்பரில் அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குச் செல்ல இருக்கிறேன். நீரில் விளக்குகளை மிதக்கவிடும் லாய் கிரத்தோங் பண்டிகை நாட்களில் அங்கே நடைபெறும் யீ பெங் விளக்குத் திருவிழாவை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. பாங்காக்கில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. எதையும் இன்னும் முன்பதிவு செய்யவில்லை. இரண்டு வழிகளில் எது சரி என்று முடிவு செய்ய முடியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

முதல் வழி, தாய் ஏர்வேஸ் நிறுவனத்தில் சென்னை முதல் சியாங் மாய் வரை ஒரே முன்பதிவு. காலை 6 மணியளவில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த விமானம். இரண்டாவது வழி, வேறொரு நிறுவனத்தில் சுவர்ணபூமி வரை ஒரு சீட்டு, அங்கிருந்து பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் மியாங்குக்குப் போய் மலிவுக் கட்டண விமானத்தில் இன்னொரு சீட்டு. இதில் இடைவெளி நான்கரை மணி நேரம்; மூவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 14,000 ரூபாய் மிச்சமாகிறது.

இரண்டு மணி நேரம் போதுமா? பெட்டிகளைப் பாங்காக்கில் எடுத்து மறுபடி போட வேண்டுமா, சியாங் மாயிலேயே எடுத்துக்கொள்ளலாமா? கடவுச்சீட்டில் முத்திரை எந்த ஊரில் குத்துவார்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், நடக்கும் தூரம், வரிசையில் நிற்கும் நேரம் ஆகியவற்றைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: நெடுஞ்சாலை

இரண்டு மணி நேரத்தையும் நான்கரை மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவதே பாதுகாப்பானது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: பயணச்சீட்டு ஒன்றா இரண்டா, விமான நிலையம் ஒன்றா இரண்டா. மணிக்கணக்கு அதற்குப் பிறகு.

முதலில் முத்திரை பற்றிய கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுபவர், எந்த வகைச் சீட்டு வைத்திருந்தாலும், முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்தாக வேண்டும். ஆகவே முத்திரை பாங்காக்கில்தான். வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில், அதாவது பெட்டி, சுங்கம் ஆகிய இரண்டில்தான் வருகிறது.

ஒரே முன்பதிவில் சென்றால், சென்னைக் கவுண்டரிலேயே இரண்டு போர்டிங் பாஸ்களும் கைக்கு வந்துவிடும். பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் சியாங் மாய் என்றே அச்சாகும். சுவர்ணபூமியில் இறங்கியதும் வெளியேறும் கூட்டத்தோடு கீழே போய்விடாமல், உள்நாட்டு இணைப்பு விமானங்களுக்கான வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றி நடங்கள். அந்த மாறுமிடத்தில் இணைப்புப் பயணிகளுக்கென்று தனிக் குடியேற்றக் கவுண்டர்கள் உள்ளன. அங்கே முத்திரை, அடுத்து ஒரு பாதுகாப்புச் சோதனை, அதன்பின் நேராக உள்நாட்டு வாயில்கள். சட்டையில் சிறிய ஒட்டுவில்லை ஒன்றையும் ஒட்டிவிடுவார்கள். அதைச் சியாங் மாய் சேரும் வரை கழற்ற வேண்டாம். நீங்கள் ஏறுவது உள்நாட்டு விமானம்தான் என்றாலும் உங்கள் பெட்டி இன்னும் சுங்கச் சோதனையைத் தாண்டவில்லை. அதனால் சியாங் மாயில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணிகள் ஒரு பக்கமும், வில்லை ஒட்டியவர்கள் பன்னாட்டு வருகைப் பகுதிக்கும் பிரித்து அனுப்பப்படுவார்கள். பெட்டி அங்கேதான் வரும். இதை அறியாதவர்கள் உள்நாட்டுப் பெல்ட்டின் முன் நின்று, சுற்றிச் சுற்றி வரும் பிறர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சியாங் மாய், புக்கெட், கிராபி, கோ சமுய் ஆகிய ஊர்களுக்குச் செல்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். எல்லா ஊர்களுக்கும் பொருந்தாது. எனவே வேறு ஊருக்குச் செல்பவர்கள் புறப்படும் நிலையத்தில் பெட்டியைப் போடும்போதே, அதை எங்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவிட்டு, சீட்டில் அச்சாகியிருக்கும் ஊர்க் குறியீட்டையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். ஒருவேளை சென்னை விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும், ஒரே முன்பதிவு என்பதால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 14,000 ரூபாய் இந்தப் பொறுப்புக்கான விலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது வழி. சுவர்ணபூமி நகரின் கிழக்கே இருக்கிறது, டான் மியாங் வடக்கே. இரண்டுக்கும் இடையே நேரடி ரயில் இல்லை. சுவர்ணபூமியின் அடித்தளத்திலிருந்து புறப்படும் விமான நிலைய ரயில் நகருக்குள் பயா தாய் வரை போகிறது. டான் மியாங்குக்குச் சிவப்புத் தட ரயில் உண்டு, ஆனால் அது வேறு நிலையத்திலிருந்து புறப்படுகிறது. பெட்டிகளோடும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் நடுவில் மாறிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சியவை டாக்சியும், இரு நிலையங்களுக்கும் இடையே ஓடும் இலவசப் பேருந்தும். பேருந்து சுவர்ணபூமியின் இரண்டாம் தளத்தில் 3ஆம் எண் வாயிலருகே புறப்படுகிறது. டான் மியாங்கிலிருந்து அன்றைய விமானம் இருப்பதற்கான சீட்டைக் காட்டினால் போதும், கட்டணம் கிடையாது. சாலை வெறிச்சோடியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் காலை 6 மணிக்கு இறங்கி, முத்திரை வாங்கி, பெட்டி எடுத்து நீங்கள் வாசலுக்கு வரும் 7 மணிக்குத்தான் பாங்காக் முழுவதும் அலுவலகத்துக்குக் கிளம்பியிருக்கும். அந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். டாக்சி பிடித்தால் மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50 பாத்தும், விரைவுச் சாலைச் சுங்கமும் உங்கள் கணக்கில் சேரும்.


மறுமொழி: கடல்நாரை

நெடுஞ்சாலை அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருப்பதை விட்டுவிட்டார். சீட்டு இரண்டாக இருந்தாலும் விமான நிலையம் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், மிச்சத்தின் பெரும்பகுதி கையில் நிற்கும். ஊரைச் சுற்றும் அலைச்சலும் இருக்காது.

மலிவுக் கட்டண விமானம் என்றாலே டான் மியாங் என்று பலர் எண்ணுகிறார்கள். நோக் ஏர், தாய் லயன் ஏர் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். தாய் வியட்ஜெட்டின் தளமோ சுவர்ணபூமி. தாய் ஏர்ஏசியாவின் தலைமைத் தளம் டான் மியாங் என்றாலும், 2020 முதல் சில உள்நாட்டு விமானங்களைச் சுவர்ணபூமியிலிருந்தும் இயக்கிவருகிறது. பாங்காக் ஏர்வேஸும் அங்கேதான். எனவே நிறுவனத்தின் பெயரை வைத்து நிலையத்தை ஊகிக்காமல், பணம் செலுத்துவதற்கு முன் பிகேகே என்று போட்டிருக்கிறதா, டிஎம்கே என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னது சுவர்ணபூமி, பின்னது டான் மியாங். தேடல் தளங்களில் பாங்காக் என்று பொதுவாகத் தட்டினால் இரண்டையும் கலந்தே காட்டும். பழைய பயணக் குறிப்புகளில் தாய் ஸ்மைல் என்ற பெயரைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். அது தாய் ஏர்வேஸோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இதையே திருப்பி, இரண்டையும் டான் மியாங்கில் வைத்துக்கொள்ளவும் முடியும். சென்னையிலிருந்து தாய் ஏர்ஏசியா அங்கேதான் இறங்குகிறது. முதலாம் முனையம் பன்னாட்டு விமானங்களுக்கு, இரண்டாம் முனையம் உள்நாட்டு விமானங்களுக்கு. கட்டடத்துக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய்விடலாம். இரண்டு பயணங்களையும் அந்த நிறுவனத்தின் இணைப்புச் சேவையாக ஒரே முன்பதிவில் எடுத்தால் பெட்டியும் நேராகப் போகும். தனித்தனியாக எடுத்தால், நிறுவனம் ஒன்றாகவே இருந்தாலும், பெட்டியை நீங்கள்தான் எடுத்து மறுபடி போட வேண்டும்.

தனிச்சீட்டில் சுவர்ணபூமியில் நடப்பது இதுதான். விமானத்திலிருந்து இறங்கி நீண்ட தூரம் நடக்க வேண்டும். விமானம் 2023இல் திறக்கப்பட்ட துணை முனையத்தில் நின்றால், அங்கிருந்து ஓட்டுநரில்லாச் சிறு ரயிலில் முதன்மைக் கட்டடத்துக்கு வர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள். பிறகு குடியேற்ற வரிசை. அதிகாலையில் இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் விமானங்கள் அடுத்தடுத்து வருவதால், வரிசை இருபது நிமிடத்தில் நகர்ந்தாலும் நகரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தாலும் இழுக்கும். அதன்பின் பெட்டி, சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழி, இரண்டாம் தள வருகைக் கூடம். அங்கிருந்து மின்தூக்கியில் நான்காம் தளம் சென்றால் அதே கட்டடத்தில் உள்நாட்டு செக்-இன் கவுண்டர்கள். கவுண்டரை விமானம் புறப்படுவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், பயணச்சீட்டில் உள்ள நேரத்தை விட்டுவிட்டு, கவுண்டர் மூடும் நேரத்தையே கெடுவாகக் கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் மூன்றரை மணி நேர இடைவெளிக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை. நான்கு மணி என்றால் நிம்மதி.

பெட்டியின் எடை இன்னொரு சிக்கல். பன்னாட்டுச் சீட்டில் 20 கிலோவுக்கு மேல் அனுமதித்திருப்பார்கள். மலிவுக் கட்டண உள்நாட்டுச் சீட்டில் கையில் 7 கிலோ மட்டும்தான் இருக்கும். பெட்டிக்கான கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே செலுத்துங்கள். கவுண்டரில் செலுத்தினால், நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

தனிச்சீட்டின் உண்மையான ஆபத்து எது என்று கேட்டால், தாமதத்தை நான் முதலில் சொல்ல மாட்டேன். நேர மாற்றம்தான் முதலில் வரும். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், நான் ஏற வேண்டிய உள்நாட்டு விமானத்தை இரண்டு மணி நேரம் முன்னே இழுத்துவிட்டு ஒரு மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டது. பாங்காக்கிலேயே இருப்பவருக்கு அது சிறு தொல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவருக்கோ இணைப்பே அறுந்துபோகிறது. இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள் என்பதால், முதல் விமானத்தைப் பற்றி இரண்டாவது நிறுவனத்திடம் முறையிடவும் வழியில்லை. பயணக் காப்பீடு இருந்தாலும், தவறிய இணைப்புக்கு ஈடு உண்டா, குறைந்தபட்சம் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நம்புங்கள்.


மறுமொழி: வெண்தாமரை

அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சக்கர நாற்காலி கேட்கத் தயங்காதீர்கள். நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும்தான் அது என்று எண்ணிப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்பதிவின்போதே, அல்லது பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது, விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிட வேண்டும். நீண்ட தூரம் நடக்க முடியாதவர், ஆனால் படி ஏறி இறங்க முடிந்தவர் என்பதற்கும், படியே ஏற முடியாதவர் என்பதற்கும் தனித்தனி வகைகள் உள்ளன. சரியானதைச் சொன்னால், பேருந்தில் ஏற்றி இறக்கி விமானத்தின் படிக்கட்டில் ஏறச் சொல்லும் சூழலில், நாற்காலியோடு விமான வாசல் வரை உயர்த்தும் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள்.

சுவர்ணபூமியில் விமானத்தின் வாசலிலேயே நாற்காலியோடு பணியாளர் நிற்பார். குடியேற்றச் சோதனையில் பெரும்பாலும் முன்னுரிமை வரிசைக்கே அழைத்துப் போவார். உடன் வருபவரையும் அதே வரிசையில் விடுவது வழக்கம். மூவரில் ஒருவர் தனியாக நீண்ட வரிசைக்குப் போகாமல் சேர்ந்தே நில்லுங்கள். ஒரே முன்பதிவென்றால் இந்த உதவி அடுத்த விமானத்தின் வாயில் வரை தொடரும். தனிச்சீட்டென்றால் முதல் நிறுவனத்தின் உதவி வருகைக் கூடத்தோடு முடிந்துவிடும். நான்காம் தளத்தில் அடுத்த நிறுவனத்தின் கவுண்டர் வரை அம்மா நடக்க வேண்டியிருக்கும். இரண்டு நிறுவனங்களிடமும் தனித்தனியே கேட்டிருக்கவும் வேண்டும்.

எந்த நிறுவனத்தின் பணியாளரும் டான் மியாங் வரை கூட வர மாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுடைய இரண்டாவது வழியை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.


மழைக்குருவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டான் மியாங் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஒரே முன்பதிவா, சுவர்ணபூமியிலேயே தனிச்சீட்டா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்கிறோம். அம்மா முதல் வழியின் பக்கம் நிற்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையில் விமான எண் கேட்கும் இடத்தில் எந்த விமானத்தின் எண்ணைக் கொடுக்க வேண்டும்? முகவரியாகப் பாங்காக்கைக் கொடுப்பதா, சியாங் மாயைக் கொடுப்பதா? அடுத்து, திருவிழா நடக்கும் நாளன்றே போய்ச் சேருவதில் ஏதேனும் சிரமம் உண்டா?


மறுமொழி: நெடுஞ்சாலை

தாய்லாந்துக்குள் உங்களைக் கொண்டுவரும் விமானத்தின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது சென்னையிலிருந்து பாங்காக் வரும் விமானத்தின் எண். முகவரி நீங்கள் தங்கப்போகும் இடத்தின் முகவரி, ஆகவே சியாங் மாய் விடுதி. பாங்காக்கில் இறங்கி ஒரு பகலைக்கூடக் கழிக்காமல் போவதால் அங்கே முகவரி எதுவும் தேவையில்லை. 2025 மே 1 முதல் இந்த அட்டை கட்டாயம். வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து குடியேற்றத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஒரே முறையில் நிரப்பிவிடலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது குடியேற்றத் துறையின் தளம் அன்று என்று அறிந்து மூடிவிடுங்கள். தேடினால் அத்தகையவை முன்வரிசையில் வந்து நிற்கின்றன. நள்ளிரவுக்குப் பின் சென்னையில் புறப்படும் விமானம் என்பதால் தேதியிலும் கவனம் தேவை. 12ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்பினாலும் சீட்டிலும் அட்டையிலும் 13 என்றுதான் இருக்கும். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சீட்டில் உள்ள வருகை நேரம் அந்நாட்டு நேரம்.

விசாவைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் 60 நாள் விலக்கு அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புகளை அந்த அரசு அவ்வப்போது மாற்றியமைப்பதால், பணம் கட்டும் முன் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே முன்பதிவு என்றால் திரும்பும் சீட்டும் கையில் இருக்கும். தனித்தனி என்றால் நாட்டை விட்டு வெளியேறும் சீட்டின் நகலையும் விடுதி முன்பதிவையும் அச்சிட்டு வைத்திருங்கள். சென்னைக் கவுண்டரிலேயே கேட்பதுண்டு.


மறுமொழி: கடல்நாரை

திருவிழா பற்றிய கேள்வி மிகவும் சரியானது. இதை யோசிக்காமல் போகிறவர்களே அதிகம். யீ பெங் நாட்களின் மாலையில் ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் வானில் ஏறும். அவை விமானப் பாதைக்குள் வருவதால், ஒவ்வோராண்டும் அந்த நாட்களில் சியாங் மாய் நிலையத்தின் மாலை, இரவு விமானங்களில் பலவற்றை ரத்து செய்கிறார்கள் அல்லது நேரம் மாற்றுகிறார்கள். காலை விமானங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் காலை இணைப்பைத் தவறவிட்டு, அடுத்தது மாலையில் என்றால் அன்றிரவு பாங்காக்கிலேயே முடங்க வேண்டியதாகிவிடும். திருவிழாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விடுதிகளும் அந்த வாரம் நிரம்பிவிடும் என்பதால் அதையும் இப்போதே பதிவு செய்யுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குத்தான். அங்கே தவறவிடக்கூடிய விமானம் விலை உயர்ந்த பன்னாட்டு விமானம். விளக்கேற்றும் நாளின் மாலையில் சியாங் மாயிலிருந்து கிளம்பி, இரவு சென்னை விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிட வேண்டாம். தனிச்சீட்டென்றால் நண்பகலுக்கு முன்பே பாங்காக் வந்துவிடும் விமானமாகப் பாருங்கள்.


மறுமொழி: வெண்தாமரை

திரும்பும் விமானத்துக்கும் சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்பதைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போகும் பயணத்துக்கு மட்டும் பதிந்துவிட்டு, வரும் பயணத்துக்கு விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. முன்பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால், நான்கு விமானங்களுக்கும் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையிலேயே படித்துச் சொல்வார்கள்.